நிற எண் அடிகோளைப் பொறுத்து மாறுமா?

கேள்வி இதுதான்: ஒரு கோட்டுருவை, அதாவது முனைகளும் அவற்றை இணைக்கும் விளிம்புகளும் கொண்ட கிராஃபை, முழுசாக வரையறுத்துக் கொடுத்துவிட்ட பிறகு, அதற்கு எத்தனை நிறம் வேண்டும் என்பதில் கணக்கோட்பாட்டின் (செட் தியரியின்) அடிகோள்களுக்கு, அதாவது நிரூபிக்காமல் ஏற்றுக்கொள்ளும் அடிப்படை விதிகளுக்கு, என்ன வேலை? "நிற எண் இன்னது என்று நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது" என்பது, தெரியவில்லை என்பதைக் கௌரவமாகச் சொல்கிற வழிதானா?

இல்லை. சில கோட்டுருக்களின் நிற எண் உண்மையாகவே அடிகோளோடு சேர்ந்து மாறுகிறது. எங்கே, எப்படி மாறுகிறது என்பதைத் தாளில் எழுதிச் சரிபார்த்துக்கொள்ளலாம். ஆனால் இதில் இரண்டு வேறு வேறு சங்கதிகள் கலந்து கிடக்கின்றன. வெறுமையில்லாத கணங்கள் எத்தனை இருந்தாலும் ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் உறுப்பை எடுத்துவிடலாம் என்கிற தேர்வு அடிகோளைக் கைவிட்டால் நடப்பது ஒன்று. தேர்வு அடிகோள் உட்பட வழக்கமான அடிகோள்கள் எல்லாவற்றையும், அதாவது இசட்.எஃப்.சி.யை, வைத்துக்கொண்ட பிறகும் நடப்பது இன்னொன்று. முதலாவதைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் முக்கியமாகப் படுகிறது.

சொற்களை முதலில் முடித்துவிடுவோம். விளிம்பால் இணைந்த இரு முனைகளுக்கு ஒரே நிறம் வரக் கூடாது. அந்த விதிப்படி தீட்டத் தேவையான மிகக் குறைந்த நிறங்களின் எண்ணிக்கைதான் நிற எண். முனைகள் முடிவிலியாக இருந்தால் நிற எண்ணும் முடிவிலியாகலாம். அப்போது எந்த முடிவிலி என்று கேட்க வேண்டும்: 1, 2, 3 என்று எண்ணிக்கொண்டே போகத்தக்க அலெஃப்-0வா, அதற்கு அடுத்த அலெஃப்-1ஆ, அதற்கும் அடுத்த அலெஃப்-2ஆ? மெய்யெண்கள் மொத்தம் எத்தனையோ அதைத் தொடரக அளவு என்பேன். அது 2-இன் அலெஃப்-0 அடுக்கு. அந்த அளவு அலெஃப்-1தான் என்பது தொடரகக் கருதுகோள். அதை இசட்.எஃப்.சி.யில் மறுக்க முடியாது என்று 1938இல் கோடல் காட்டினார். நிரூபிக்கவும் முடியாது என்று 1963இல் பால் கோஹென் ஃபோர்ஸிங் முறையைக் கண்டுபிடித்துக் காட்டினார். அடிகோள்கள் உண்மையாக அமையும் ஒரு கணித அமைப்பை உலகம் என்பேன்: கோடலின் உலகத்தில் இந்தக் கருதுகோள் உண்மை, அதில் புதிய கணங்களை ஃபோர்ஸிங்கால் சேர்த்துக் கட்டிய கோஹெனின் உலகத்தில் பொய். இசட்.எஃப்.சி. முரணற்றது என்ற அனுமானம் இதற்கெல்லாம் அடியில் இருக்கிறது. இனி ஒவ்வொரு முறையும் அதைச் சொல்லப்போவதில்லை.

மாறாத இடம் எது என்று முதலில் பார்த்துவிடலாம். 1951இல் டி பிரௌனும் எர்டோஷும் நிரூபித்த தேற்றம் சொல்வது: ஒரு கோட்டுருவின் முடிவுள்ள துண்டுகள் ஒவ்வொன்றையும் 5 நிறத்தில் தீட்ட முடியுமானால், முழுக் கோட்டுருவையும் 5 நிறத்தில் தீட்டலாம். 5க்குப் பதில் எந்த முடிவுள்ள எண்ணையும் போட்டுக்கொள்ளலாம். நிரூபணத்துக்குத் தேர்வு அடிகோள் வேண்டும். முழுப் பலம் வேண்டியதில்லை, அதைவிடப் பலம் குறைந்த ஒரு வடிவம் போதும். அந்த வடிவம் இல்லாமல் முடியாது என்பதை 1971இல் லாய்க்லி காட்டினார். அதுவும் வெறும் 3 நிறத்துக்கான தேற்றத்திலிருந்தே.

இதன் விளைவு ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. தளத்தின் நிற எண் பற்றிய பிரபலமான புதிர் இருக்கிறதே: தளத்தின் புள்ளிகள் எல்லாம் முனைகள், சரியாக 1 அலகு தூரத்தில் இருக்கும் இரண்டு புள்ளிகளுக்கு இடையே விளிம்பு. எட்வர்ட் நெல்சன் 1950இல் கேட்ட இந்தக் கேள்விக்கு விடை 4க்கும் 7க்கும் இடையில் என்பது ரொம்பக் காலம் மாறாமலே இருந்தது. 2018இல் ஆப்ரி டி கிரே 1581 புள்ளிகள் கொண்ட ஒரு கோட்டுருவைக் காட்டி, 4 நிறம் போதாது என்று நிரூபித்தார். இப்போது 5, 6, 7 மூன்றில் ஒன்று. தொடரகக் கருதுகோளை மாற்றினால் இந்த விடையும் மாறுமோ என்று சிலர் கேட்கிறார்கள். தேர்வு அடிகோள் கையில் இருக்கும் வரை மாறாது. ஏனென்றால் "6 நிறம் போதும்" என்பது, டி பிரௌன்–எர்டோஷ் தேற்றப்படி, முடிவுள்ள கோட்டுருக்களைப் பற்றிய ஒரு கூற்று மட்டுமே. ஒரு முடிவுள்ள கோட்டுருவை 1 அலகு விளிம்புகளோடு தளத்தில் வரைய முடியுமா என்பதை டார்ஸ்கி கொடுத்த முறையில் இயந்திரத்தனமாகத் தீர்மானித்துவிடலாம். ஆகவே 6 போதாது என்றால் ஒரு கணினி என்றாவது ஒருநாள் எதிர் உதாரணத்தில் முட்டிக்கொள்ளும். போதும் என்றால் அப்படி எதுவும் கிடைக்காது. இந்த மாதிரிக் கூற்றை ஃபோர்ஸிங்கால் அசைக்கவே முடியாது. கோஹெனின் உலகத்திலும் கோடலின் உலகத்திலும் அதே முடிவுள்ள கோட்டுருக்கள்தான் இருக்கின்றன.

சரி, தேர்வு அடிகோளைக் கைவிட்டால்? ஷெலாவும் சோய்ஃபரும் 2003இல் கொடுத்த உதாரணம் அவ்வளவு சின்னது, முழுசாகவே சொல்லிவிடலாம். முனைகள் மெய்யெண்கள். இரண்டு எண்களின் வித்தியாசம் √2 கூட்டல் ஏதோ ஒரு விகிதமுறு எண்ணாக இருந்தால், அல்லது −√2 கூட்டல் ஒரு விகிதமுறு எண்ணாக இருந்தால், அவற்றுக்கு இடையே விளிம்பு. இந்தக் கோட்டுருவில் ஒற்றைப்படை நீளச் சுற்று கிடையாது. ஒரு சுற்றை முழுசாக நடந்து புறப்பட்ட இடத்துக்கே வந்தால் மொத்த வித்தியாசம் 0. அது √2-இன் சில மடங்கு கூட்டல் ஒரு விகிதமுறு எண். அடிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் அந்த மடங்கும் ஒற்றைப்படை, எனவே 0 ஆகாது. அப்படியானால் √2 விகிதமுறு எண்ணாகிவிடும். அது நடக்காது. ஒற்றைப்படைச் சுற்று இல்லை என்றால் 2 நிறம் போதும்.

போதும்தான், ஆனால் தீட்டுவது யார்? இந்தக் கோட்டுரு தனித்தனித் துண்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. ஒவ்வொரு துண்டிலும் எண்ணத்தக்க முனைகள்தான். ஆனால் துண்டுகளோ தொடரக அளவுக்கு இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு முனையைத் தொட்டு "நீ சிவப்பு" என்று சொல்லிவிட்டால் அந்தத் துண்டின் மற்ற முனைகளுக்கு நிறம் தானாக அமைந்துவிடும். தொடுவதற்குத்தான் விதி இல்லை. தேர்வு அடிகோள் நுழைவது அந்த ஒரே இடத்தில்.

இனி 1970இல் ராபர்ட் சாலவே கட்டிய உலகத்துக்குப் போவோம். அங்கே முழுத் தேர்வு அடிகோள் கிடையாது. அன்றாடப் பகுப்பாய்வுக்கு வேண்டிய அளவு, தொடர்ச்சியாக எண்ணத்தக்க தடவை தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும் உண்டு. மெய்யெண்களின் எல்லா உட்கணங்களுக்கும் லெபேக் அளவும், அதாவது நீளம் என்ற கருத்தை விரிவாக்கிய ஓர் அளவும், உண்டு. அந்த உலகத்தில் இதே கோட்டுருவை எண்ணத்தக்க நிறங்களால் தீட்டிவிட்டதாக வையுங்கள். ஏதாவது ஒரு நிறத்தின் அளவு 0வைவிடப் பெரியதாக இருந்தாக வேண்டும். அந்த நிறம் பெற்ற எண்களின் கணத்தைச் "சிவப்பு" என்போம். லெபேக்கின் அடர்த்தித் தேற்றப்படி, ஓர் இடைவெளியைப் பிடித்தால் அதில் 10இல் 9 பங்குக்கு மேல் சிவப்பாக இருக்கும். இப்போது √2-க்கு மிக நெருக்கமான ஒரு விகிதமுறு எண்ணை எடுங்கள், வித்தியாசம் அந்த இடைவெளி நீளத்தில் 10இல் 1 பங்கைவிடக் குறைவாக இருக்கட்டும். சிவப்புக் கணத்தை அந்த வித்தியாசம் அளவுக்கு நகர்த்துங்கள். இடைவெளி நீளத்தை 1 என்று வைத்தால், அதிலுள்ள பழைய சிவப்பும் நகர்ந்த சிவப்பும் சேர்ந்து 1.1 நீளத்துக்குள் அடங்க வேண்டும், ஆனால் இரண்டின் அளவும் சேர்ந்தால் 1.8ஐத் தாண்டுகிறது. எனவே இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தே ஆக வேண்டும். விழுந்த இடத்தில் இரண்டு சிவப்பு எண்கள் கிடைக்கின்றன, அவற்றின் வித்தியாசம் √2 கழித்தல் ஒரு விகிதமுறு எண். அதாவது இரண்டும் இணைந்த முனைகள். எனவே எண்ணத்தக்க நிறங்களே போதாது.

ஒரு பக்கம் 2, இன்னொரு பக்கம் எண்ணத்தக்க முடிவிலியே போதவில்லை. இடையில் 3, 4, 5 எதிலும் நிற்கவில்லை. சாலவேயின் உலகத்துக்கு அடைய இயலாத எண்ணளவை என்ற கூடுதல் அனுமானம் வேண்டும் என்பது ஒரு குறைதான்; எண்ணளவை என்பது அலெஃப்-0, அலெஃப்-1 போல அளவைச் சொல்லும் எண், இதுவோ இருப்பதை இசட்.எஃப்.சி.யால் நிரூபிக்க முடியாத அளவுக்குப் பெரிய முடிவிலி. ஆனால் அளவுக்குப் பதிலாக, கணங்களின் ஒழுங்கை நீளம் இல்லாமல் சொல்லும் பேர் பண்பை வைத்தும் இதே வாதத்தை ஓட்டலாம், அதற்கு அந்த அனுமானம் தேவையில்லை என்று ஷெலாவே 1984இல் காட்டியிருக்கிறார்.

அழகான உதாரணம். ஆனால் இதைப் பார்த்துவிட்டு "நிற எண்ணே நிலையில்லாதது" என்று முடிவு கட்டுவது அவசரம். தேர்வு அடிகோள் இல்லாத உலகத்தில் நடப்பது, இருந்த தீட்டல்கள் காணாமல் போவது. தேர்வு அடிகோளை ஏற்றுக்கொள்ளும் ஒருவர், அதாவது கணிதத்தில் ஏறக்குறைய எல்லோரும், "சாலவே உலகம் எங்களுக்கு வேண்டாம், விடை 2" என்று சொல்லிவிட்டுப் போகலாம். அவரையும் விடாத உதாரணம் வேண்டும்.

அதற்கு எர்டோஷும் ஹைனலும் 1960களில் ஆராய்ந்த நகர்வுக் கோட்டுருவே போதும். அலெஃப்-2 அளவுள்ள ஒரு நல்வரிசையை, அதாவது எந்தப் பகுதியை எடுத்தாலும் அதில் முதல் உறுப்பு ஒன்று இருக்கும் வரிசையை, எடுத்துக்கொள்ளுங்கள். முனைகள் அதிலிருந்து எடுத்த இணைகள்: க, ச என்ற இரண்டு உறுப்புகள், க முந்தியது, ச பிந்தியது. ஓர் இணையின் பிந்திய உறுப்பு இன்னோர் இணையின் முந்திய உறுப்பாக இருந்தால் அவற்றுக்கு இடையே விளிம்பு. அதாவது (க, ச) என்பதை (ச, த) என்பதோடு இணைக்கிறோம். இதில் முக்கோணம்கூடக் கிடையாது.

இதை எண்ணத்தக்க நிறங்களால் தீட்ட முடிகிறது என்று வைப்போம். ஒவ்வோர் உறுப்பு க-வுக்கும், க-வில் தொடங்கும் இணைகள் பெற்ற நிறங்களையெல்லாம் சேர்த்து ஒரு பையில் போடுங்கள். க-வுக்குப் பின்னால் ச வருகிறது என்றால் (க, ச)-வின் நிறம் க-வின் பையில் இருக்கிறது. ச-வின் பையில் அது இருக்க முடியாது; இருந்தால் (ச, த) என்ற ஏதோ ஓர் இணைக்கும் அதே நிறம், ஆனால் அந்த இரண்டும் இணைந்த முனைகள். ஆக எந்த இரண்டு உறுப்புகளின் பைகளும் ஒன்றல்ல. பை என்பது எண்ணத்தக்க நிறங்களின் ஓர் உட்கணம், அப்படிப்பட்ட உட்கணங்கள் மொத்தம் தொடரக அளவுதான். எனவே அலெஃப்-2 உறுப்புகளுக்கும் வெவ்வேறு பை கிடைக்க வேண்டுமானால் தொடரக அளவு குறைந்தது அலெஃப்-2 ஆக இருக்க வேண்டும்.

மறுதிசையும் அதே சுலபம். தொடரக அளவு அலெஃப்-2 அல்லது அதற்கு மேல் என்றால், ஒவ்வோர் உறுப்புக்கும் 0, 1 கொண்ட முடிவில்லாத தொடர் ஒன்றை, ஒன்றுபோல் இன்னொன்று இல்லாமல், கொடுத்துவிடலாம். (க, ச)-வின் நிறம்: க-வின் தொடரும் ச-வின் தொடரும் முதன்முதலில் வேறுபடும் இடம் எது, அங்கே க-வின் இலக்கம் எது என்ற இரண்டு தகவல்கள். (க, ச), (ச, த) இரண்டுக்கும் இதே நிறம் வந்தால், அந்த இடத்தில் ச-வின் இலக்கம் க-வின் இலக்கத்தோடு வேறுபடவும் வேண்டும், ஒத்துப்போகவும் வேண்டும். முடியாது. நிறங்களோ எண்ணத்தக்கவை.

ஆகவே இந்தக் கோட்டுருவை எண்ணத்தக்க நிறங்களால் தீட்டலாம் என்பதும், தொடரகக் கருதுகோள் பொய் என்பதும் ஒரே கூற்று. கருதுகோள் உண்மையானால் நிற எண் அலெஃப்-1. பொய்யானால் அலெஃப்-0. இசட்.எஃப்.சி. இரண்டில் எதையும் சொல்லாது. தேர்வு அடிகோளில் நாம் கை வைக்கவே இல்லை.

"உலகத்துக்கு உலகம் அலெஃப்-2 என்பதே வேறாக இருக்கலாமே, அப்படியானால் இரண்டும் வேறு வேறு கோட்டுருக்கள்தானே" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான சந்தேகம். ஆனால் இங்கே அது நிற்காது. கோடலின் உலகத்தில் தொடங்கி, கோஹெனின் முறையில் அலெஃப்-2 புதிய மெய்யெண்களைச் சேர்த்தால், எண்ணளவைகள் எதுவும் இடிந்து விழுவதில்லை. பழைய அலெஃப்-2தான் புதிய உலகத்திலும் அலெஃப்-2. முனைகள் அதே இணைகள், விளிம்புகளும் அதேதான்; ஒன்றுகூடக் கூடவில்லை, குறையவில்லை. புதிதாக வந்தது தீட்டல் ஒன்று. சேர்த்த மெய்யெண்களை இரும இலக்கத்தில் எழுதி, மேலே சொன்னபடி முதல் வேறுபாட்டைப் படித்தால் தீட்டல் கையில் இருக்கிறது. பழைய உலகத்தில் அதை எழுதிவைக்கத் தேவையான மெய்யெண்களே இல்லை. நிற எண் என்பது கோட்டுருவின் குணம் மட்டுமல்ல, சுற்றியுள்ள உலகத்தில் எத்தனை சார்புகள் கிடைக்கின்றன என்பதையும் அது பொறுத்தது. முடிவுள்ள கோட்டுருக்களில் கிடைக்கக்கூடிய எல்லாச் சார்புகளும் எப்போதும் கையில் இருப்பதால் இது நம் கண்ணில் படுவதில்லை.

அதே கோஹென் உலகத்திலேயே இன்னொரு வேடிக்கை இருக்கிறது. நிற எண் அலெஃப்-2 உள்ள ஒரு கோட்டுருவிலிருந்து சில முனைகளை நீக்கி, நிற எண்ணை அலெஃப்-1க்குக் கொண்டுவர முடியுமா? முடிவுள்ள கோட்டுருவில் ஒவ்வொரு முனையாக நீக்கினால் நிற எண் ஒவ்வொன்றாகத்தான் இறங்கும், எதையும் தாண்டாது. முடிவிலியில் அப்படி இல்லை என்று 1973இல் கால்வின் காட்டினார். 2-இன் அலெஃப்-0 அடுக்கும் 2-இன் அலெஃப்-1 அடுக்கும் சமமாக இருந்து, 2-இன் அலெஃப்-2 அடுக்கு அவற்றைவிடப் பெரியதாக இருந்தால் போதும். நம் கோஹென் உலகத்தில் முதல் இரண்டும் அலெஃப்-2, மூன்றாவது அலெஃப்-3. இப்போது அலெஃப்-3 மேல் நகர்வுக் கோட்டுருவை எடுங்கள். பை வாதத்தை அப்படியே ஓட்டினால் அதன் நிற எண் அலெஃப்-2 என்று வரும். அதன் இணைகளில் சிலவற்றை மட்டும் வைத்துக்கொள்கிறோம், மீந்ததற்கு அலெஃப்-1 நிறம் போதுமாக இருக்கிறது என்போம். மீந்த இணைகளையே விளிம்புகளாகக் கொண்டு அலெஃப்-3 மேல் ஒரு புதுக் கோட்டுரு வரைந்தால், பைகளே அதற்கு நிறங்களாகிவிடும். பைகள் 2-இன் அலெஃப்-1 அடுக்கு, அதாவது தொடரக அளவு. ஆனால் தொடரக அளவு நிறம் போதும் என்றால், நிறங்களுக்குப் பதில் மெய்யெண்களை வைத்து முதல் வேறுபாட்டைப் படித்து, மீந்த இணைகளை எண்ணத்தக்க நிறத்திலேயே தீட்டிவிடலாம். அலெஃப்-1 போதும் என்றால் அலெஃப்-0வும் போதும். நடுவில் உள்ள படியே இல்லை.

டி பிரௌன்–எர்டோஷ் தேற்றத்தை எண்ணத்தக்க நிறங்களுக்கு நீட்ட முடியுமா என்ற கேள்வியும் இப்படித்தான் உடைகிறது. தொடரக அளவுக்கு அடுத்த எண்ணளவையின் மேல் உள்ள நகர்வுக் கோட்டுருவை நினைத்துப் பாருங்கள்: தொடரக அளவுக்குள் அடங்கும் ஒவ்வொரு துண்டுக்கும் எண்ணத்தக்க நிறம் போதும், முழுசுக்குப் போதாது. அந்த அளவில் இது இசட்.எஃப்.சி. தேற்றம். அதைவிட நுணுக்கமான கேள்வி: அலெஃப்-2 முனைகளும் நிற எண் அலெஃப்-2ம் உள்ள கோட்டுருவில், அலெஃப்-1 முனைகளும் நிற எண் அலெஃப்-1ம் உள்ள துண்டு இருந்தே ஆக வேண்டுமா? இருக்க வேண்டியதில்லை, துண்டுகள் எல்லாம் எண்ணத்தக்க நிறத்தோடு நிற்கலாம் என்று 1984இல் பாம்கார்ட்னர் ஓர் உலகம் கட்டினார். இருந்தே தீரும் என்ற உலகத்தை 1988இல் ஃபோர்மனும் லேவரும் கட்டினார்கள். பாம்கார்ட்னருக்குச் சாதாரண அடிகோள்களின் முரணின்மையே போதுமாக இருந்தது. மற்ற இருவரும் ஹ்யூஜ் என்று பெயரே வைத்திருக்கும் ஒரு பிரம்மாண்டமான எண்ணளவையை அனுமானிக்க வேண்டியிருந்தது. ஒழுங்கைக் கொண்டுவருவதற்குத்தான் இங்கே விலை அதிகம். கோடலின் உலகத்தில் ஒழுங்கு கிடையவே கிடையாது: அலெஃப்-2, அலெஃப்-3 என்று ஒவ்வொன்றிலும், சிறிய துண்டுகள் எல்லாம் எண்ணத்தக்க நிறத்தில் அடங்க, முழுசு மட்டும் அடங்காத கோட்டுரு இருக்கிறது என்று 1990இல் ஷெலா நிரூபித்தார்.

இதைப் படித்துவிட்டு, எண்ணவியலாத, அதாவது அலெஃப்-0வைவிடப் பெரிய, நிற எண் என்று வந்தாலே எல்லாம் அடிகோளின் கையில் என்று நினைத்துவிட வேண்டாம். எர்டோஷும் ஹைனலும் 1966இல் நிரூபித்தது எந்த உலகத்திலும் நிற்கிறது: நிற எண் எண்ணவியலாதது என்றால் அந்தக் கோட்டுருவில் நான்கு விளிம்புச் சுற்று இருந்தே தீரும், முடிவுள்ள இருபகுதிக் கோட்டுருக்கள், அதாவது 2 நிறத்தில் தீட்டத்தக்கவை, எல்லாமே உள்ளே இருக்கும். முடிவுள்ள நிற எண்ணுக்கு இது பொய். சிறு சுற்றே இல்லாமல் நிற எண்ணை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம் என்று 1959இல் எர்டோஷே காட்டியிருந்தார்.

அப்புறம், "முரணற்றது என்று காட்டப்பட்டது" என்று எங்காவது படித்தால், எதிர்த்திசையும் காட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நிற எண் எண்ணவியலாதது என்றால், டி பிரௌன்–எர்டோஷ் தேற்றப்படி, அதற்குள் 10 நிறம் கேட்கும் முடிவுள்ள துண்டும் உண்டு, 100 நிறம் கேட்பதும் உண்டு. அந்தத் துண்டுகள் எவ்வளவு பெரியதாக இருக்கலாம்? எர்டோஷ், ஹைனல், செமெரேடி மூவரும் 1982இல் எழுப்பிய கேள்வி இது. எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் வளரலாம் என்பது முரணற்றது என்று 2005இல் கொம்யாத்தும் ஷெலாவும் காட்டினார்கள். இதுவும் அடிகோளைப் பொறுத்த சமாச்சாரமாகத்தான் இருக்கும் என்று தோன்றக்கூடிய கட்டம் அது. 2020இல் லாம்பி-ஹான்சன் எந்தக் கூடுதல் அனுமானமும் இல்லாமல், இசட்.எஃப்.சி.யிலேயே அதை நிரூபித்துவிட்டார்.